ஹில்மிக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி

பழைய புத்தகங்களை எடைக்குப் போடுவதற்கு முன்னால் முதல் தாளைக் கிழித்துவிட வேண்டும். கெய்ரோவில் நாலு எழுத்தாளர்களோடு பழகிய எவருக்கும் இது தெரியும். நண்பர் கொடுத்த புத்தகத்தைப் படிக்காமல் விடலாம், விற்கலாம், ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுக்கலாம். ஆனால் 'அன்புடன்' என்று அவர் கைப்பட எழுதிய தாள் மட்டும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. செவ்வாய்க்கிழமை தோறும் பதினைந்து பேரை உட்கார வைத்து 'புத்தகம் வெளியிடுவது எப்படி' என்று வகுப்பெடுக்கும் உஸ்தாஸ் ஹில்மிக்கு இது தெரியாமல் இல்லை. எண்பது கிலோ புத்தகத்தில் ஒரே ஒரு தாளைத்தான் கிழிக்காமல் விட்டார். அவருடைய ராசி, அந்த ஒன்று திரும்பி வந்தது.

வந்தது பல் டாக்டர் வஹ்பாவின் கையில். வஹ்பா வகுப்பில் முதல் வரிசைக்காரர். பாத்திமியர் காலத்து அரண்மனைச் சமையல்காரன் ஒருவனைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்; சமையல்காரன் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. தங்கமான மனிதர். அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு நாவலாசிரியை ரிஹாப் சிறப்பு விருந்தினராக வருகிறாள் என்று கேள்விப்பட்டதும், வெறுங்கையோடு போனால் மரியாதையில்லை என்று காலையிலேயே அஸ்பகியா பழைய புத்தகக் கடைகளுக்குப் போய், அவளுடைய 'லிஃப்ட் நின்ற வீடு' நாவலைத் தேடிப் பிடித்து வாங்கி வந்துவிட்டார்.

ரிஹாப் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள். இப்போது அவளுடைய நாவல் மூன்று பதிப்புக் கண்டிருந்தது. ஐம்பது பிரதி விற்றால் அட்டையில் அடுத்த பதிப்பு என்று போட்டுக்கொள்வது ஊர் வழக்கம் என்பதை ஹில்மி வகுப்பில் விளக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சமாவது தெம்பு வேண்டாமா. 'இவளும் உங்களைப் போலத்தான் வந்தாள்' என்று சொல்லி அவளை உட்கார வைத்தார். அவளும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். கைதட்டினார்கள். வஹ்பா எழுந்தார்.

அவர் நீட்டிய புத்தகத்தை ஹில்மியும் பார்த்தார். அட்டையின் வலது மூலையில் டீ கிளாஸ் வைத்த வட்டம். அந்த வட்டத்தை அவருக்குத் தெரியும். அது அவர் வீட்டு கிளாஸ்.

"ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருக்கு மேடம். பரவால்ல, கீழ எடம் இருக்கு," என்றார் வஹ்பா, மலிவாக வாங்கியவனுக்கே உரிய பெருமையோடு. "புத்தகம் புத்தம் புதுசு. பைண்டிங்ல வெட்டாம விட்ட தாளெல்லாம் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. ஒருத்தரும் கத்தி வெச்சுப் பிரிக்கல."

பின்வரிசையில் யாரோ, முதலில் யாருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று கேட்டார்கள். வஹ்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்: "'ஒவ்வொரு சொல்லையும் மற்ற எல்லோருக்கும் முன்பே வாசித்த என் ஆசான்…'" அங்கே நின்றார். நரம்பில் ஊசி பட்டது தெரியாதவர் பல் டாக்டராக முடியாது. ஆனால் பெயரை எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

ரிஹாப் புத்தகத்தை வாங்கினாள். தன் பழைய எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குக் கீழே 'டாக்டர் வஹ்பாவுக்கு' என்று எழுதி, தேதி போட்டு, சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தாள். ஹில்மி எதையாவது சொல்லியாக வேண்டும் என்று, "எங்க வீட்ல திருடன் பூந்துட்டான் போலருக்கு. ரசனையான திருடன்," என்றார். இரண்டு பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள். ரிஹாப் மெட்ரோவைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்காக வாங்கிய டீயை ஹில்மியே குடித்தார். ஆறிப்போயிருந்தது.

விற்றதற்குச் சாக்கு உண்டு. அவர் மனைவி ஸுஹைர் புது வாஷிங் மெஷினைப் பால்கனி அறையில் வைக்க வேண்டும், ஒன்று அது இருக்கட்டும், இல்லை உங்கள் புத்தகம் இருக்கட்டும் என்றாள். முப்பது வருஷம் துவைத்த கைகளைக் காட்டிச் சொன்னாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஹில்மி இரண்டு சாயங்காலம் தரையில் உட்கார்ந்து கையெழுத்துத் தாள்களைக் கிழித்தார். கிழிக்கிற ஒவ்வொருவரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். செத்துப்போனவர்களிடம் இரண்டு தடவை. ரிஹாபின் புத்தகத்தை விற்கும் எண்ணமே இல்லை. தனியே எடுத்து, மேலே டீ கிளாஸை வைத்திருந்தார். பழைய சாமான் வண்டிக்காரன் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புத்தகத்தைக் குவியலோடு அள்ளிக்கொண்டு போனான். இதை ரிஹாபிடம் விளக்கலாம். சிரிக்கக்கூடச் செய்வாள்.

படிக்காததற்குத்தான் சாக்கு இல்லை. அந்த நாவலை அச்சேறாத தாள் கட்டாக அவள் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் தன் நாவலின் கடைசி அத்தியாயத்தில் மூழ்கிக் கிடந்தார். நாற்பத்திரண்டு பக்கம் படித்திருந்தபோது அவள் போன் செய்தாள். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு, "அருமை" என்றார். அருமை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் திரும்பி வர வழியில்லை. அதற்குப் பிறகு முன்னுரை கேட்டாள், எழுதினார். வெளியீட்டு விழாவில் பேசக் கூப்பிட்டாள், அரை மணி நேரம் பேசினார். பேச்சு நன்றாகவே இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஹில்மி நீர்ப்பாசன அமைச்சகத்தில் முப்பத்துநாலு வருஷம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருந்தது. ஒன்றின் அட்டையில் வேறொருவருடைய படம் அச்சாகியிருந்தது. புத்தகம் போடுவதைப் பற்றிப் பேச அவருக்கு இருந்த ஒரே தகுதி, அதில் செய்யக்கூடிய எல்லாத் தவறையும் செய்து பார்த்தவர் என்பதுதான். ஷெரீஃப் தெருவில் ஒரு பழைய சங்கத்தின் அறையை வாரத்தில் ஒரு நாள் இரவல் வாங்கி, ஏழு வருஷமாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். முழுக் கட்டையும் அனுப்பாதீர்கள், மூன்று அத்தியாயமும் ஒரு பக்கச் சுருக்கமும் போதும். கூடவே வைக்கிற கடிதத்தில் 'என் அம்மா படித்துவிட்டு அழுதாள்' என்று எழுதாதீர்கள். அம்மாக்கள் விளம்பரத்தைப் பார்த்தும் அழுவார்கள். 'ரமலான் மாத டிவி தொடராக எடுக்க ஏற்றது' என்று எழுதவே எழுதாதீர்கள். புத்தகக் கண்காட்சிக் கூட்டத்தில் பதிப்பாளர் கையில் கட்டைத் திணிக்காதீர்கள், அதைக் கழிப்பறைத் திட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எத்தனை பிரதி அச்சடிப்பார்கள் என்று எழுதாத ஒப்பந்தத்தில் பேனாவை வைக்காதீர்கள். தேசிய நூலகப் பதிவு எண் கைக்கு வரும்வரை சொந்தக்காரர்களுக்கு இனிப்புக் கொடுக்காதீர்கள். கடைசியாக ஒன்று: பதில் வரும்வரை சும்மா இருக்காதீர்கள், அடுத்ததை எழுத ஆரம்பியுங்கள்.

இந்தக் கடைசி அறிவுரையை அவர் மட்டும் பின்பற்றவில்லை. ஷூப்ராவில் அப்பா விட்டுப்போன வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிற மூன்று உடன்பிறந்தவர்களைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல் ஒன்றை எழுதி, நாலு வருஷத்துக்கு முன்னால் பதிப்பாளர் ஃபிக்ரியிடம் கொடுத்தார். ஃபிக்ரி பழைய சிநேகிதர். 'கண்காட்சி முடியட்டும்' என்றார்.

கெய்ரோவில் பதிப்பாளரின் ஒரு வருஷம் எப்படிப் போகிறது என்பதை ஹில்மி இந்த நாலு வருஷத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டார். ஜனவரியில் கண்காட்சி, யாரிடமும் பேச முடியாது. பிப்ரவரியில் கண்காட்சி முடிந்த களைப்பு. பிறகு ரமலான், நோன்பு வாயோடு யாரும் முடிவெடுப்பதில்லை. பிறகு பெருநாள். பிறகு கோடை, எல்லோரும் கடற்கரையில். செப்டம்பரில் பள்ளிக்கூடப் புத்தக அவசரம். அக்டோபரிலிருந்து அடுத்த கண்காட்சிக்கான வேலை. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வதற்கு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

அவருக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். சென்ற வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது, மயக்க மருந்துக்கு முன்னால் நினைவு வந்தது பிள்ளைகள் அல்ல, அந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். வெட்கக்கேடுதான், ஸுஹைரிடம் இன்னும் சொல்லவில்லை. பதில் தெரியாததால் நாலு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. காலையில் காகிதத்தை எடுத்து வைப்பார், மேலே தேதியைப் போடுவார், டீ குடிப்பார். அறுபத்தொரு வயதில் ஒரு மனிதன் எத்தனை நாள் தேதி மட்டும் எழுதிக்கொண்டிருப்பான்?

ஃபிக்ரியின் பதிப்பகத்துக்கு வருகிற கட்டுகளை முதலில் படிப்பது ரிஹாப். விவாகரத்தாகி அவள் வேலை தேடிக்கொண்டிருந்தபோது ஹில்மிதான் சேர்த்துவிட்டார். அவருடைய நாவல் அவள் மேசையைத் தாண்டாமல் போயிருக்காது. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆசான் போய் மாணவியிடம் மார்க் கேட்பதா? அவளும் சொன்னதில்லை. கண்காட்சியில் பார்த்தால், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று விசாரிப்பாள்.

மூன்று நாள் போன் செய்தார். எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு பெட்டி பஸ்பூஸா இனிப்பு வாங்கிக்கொண்டு அப்தீனுக்குப் போனார். ஃபிக்ரியின் அலுவலகம் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஸ்டென்ட் வைத்தவனுக்கு மாடிக்கு ஒரு முறை நிற்க அனுமதி உண்டு. ஹில்மி மாடிக்கு இரண்டு முறை நின்றார்.

ரிஹாபைப் பார்க்கத்தான் வந்தார் என்றாலும் ஃபிக்ரியைத் தாண்டி உள்ளே போக முடியாது. அவர் எழுந்து வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, பெட்டியைத் தனக்கென்றே நினைத்து வாங்கித் திறந்து, ஒரு துண்டை வாயில் போட்டு, காபி சொல்லி, ஹில்மியின் நெஞ்சு எப்படியிருக்கிறது, வாஷிங் மெஷின் வந்துவிட்டதா என்றெல்லாம் கேட்டார். அன்பில் குறை சொல்ல முடியாது. ஃபிக்ரி நேர்மையானவரும்கூட. ஐந்நூறு பிரதி என்றால் ஐந்நூறு அடிப்பார். வகுப்பில் தேறியவர்களை ஹில்மி அவரிடம் அனுப்புவதும் அதனால்தான்.

"அந்தப் பல் டாக்டர் என்ன ஆனாரு?" என்றார் ஃபிக்ரி. "அறுநூறு பக்கம்னியே. ரெண்டு பாகமாப் போட்டுடலாம்பா. அச்சுச் செலவுல பாதிய அவரே ஏத்துக்கிட்டா நாளைக்கே ஆரம்பிச்சிடலாம். நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

"சமையக்காரன் இன்னும் அடுப்பு மூட்டலையே."

"மூணாம் பாகத்துல மூட்டிக்கட்டும்."

ஹில்மியும் சிரித்தார். சிரித்து முடிந்தபோது, இந்த மேசைக்கு வந்து போன முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன: ஓய்வு பெற்ற வரைபட ஆசிரியர், விமான நிலையத்தில் வேலை பார்க்கும் பெண், கவிதை எழுதும் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் அவர் அனுப்பியவர்கள். எல்லோருக்கும் இங்கே நாளைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றுதான் பதில் கிடைத்திருக்கிறது. அவருக்கு மட்டும்தான் நாலு வருஷம். அவரிடம் யாரும் பாதிச் செலவும் கேட்டதில்லை. இதில் எது மரியாதை, எது அவமானம் என்று யோசிக்கக் களைப்பாக இருந்தது.

வந்ததற்குக் கேட்டுவிடுவோம் என்று தன் நாவலைப் பற்றிக் கேட்டார். ஃபிக்ரி காபியை வைத்துவிட்டுத் தன் கையை ஹில்மியின் கைமேல் வைத்தார். அந்த நாவல் தன் கண்முன்னாலேயே இருக்கிறது என்றார். அதை மற்றவர்களுடைய புத்தகம் மாதிரி அவசரத்தில் தள்ளிவிட மாட்டேன், அதற்கென்று ஒரு அட்டை, ஒரு விழா, ஒரு நேரம் வேண்டும் என்றார். காகித விலை ஏறியதைச் சொன்னார். கண்காட்சியில் ஐந்து கிலோ இளைத்ததைச் சொன்னார். ரமலான் இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறதே என்று, ஏதோ ஹில்மிதான் அதை வரவழைத்தது போலப் பார்த்தார். பேசி முடித்தபோது ஹில்மி அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பஸ்பூஸா பெட்டியில் மீதியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த அலுவலகம் ஒரு காலத்தில் குடித்தனம் இருந்த வீடு. ரிஹாபின் அறை அதன் சமையலறை. அடுப்பு மேடை முழுக்கக் கட்டுகள். குழாயைக் கழற்றிய தொட்டிக்குள்ளும் கட்டுகள். ஜன்னலோரம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். போகச் சொல்லவில்லை.

"ஸ்டூல்ல இருக்கறத எறக்கி வெச்சிட்டு உக்காருங்க உஸ்தாஸ். கவிததான்."

இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். வாஷிங் மெஷினில் தொடங்கினார். தரையில் உட்கார்ந்து தாள் கிழித்ததை, தனியே எடுத்து வைத்ததை, டீ கிளாஸை, வண்டிக்காரனைச் சொன்னார். நடுநடுவே சிரிக்க வேண்டிய இடங்களில் கொஞ்சம் நிறுத்தியும் பார்த்தார். அவள் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"வித்ததுக்குக் கோவம் இல்ல உஸ்தாஸ். எனக்கு வர்றதயும் நான் அஸ்பகியாவுக்குத்தான் அனுப்பறேன். தாளக் கிழிச்சிட்டு." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "எத்தன பக்கம் படிச்சீங்க?"

நாக்கில் மூன்று ஹாஸ்யம் வரிசையில் நின்றது. நல்ல புத்தகத்தை முழுக்கப் படித்தால் தீர்ந்துபோய்விடும் என்பது ஒன்று. மற்ற இரண்டும் அதைவிட மோசம். விழுங்கிவிட்டார்.

"நாப்பத்திரண்டு."

"அச்சுலயா?"

"நீ கொடுத்த கட்டுல. அச்சுல தொடவே இல்ல."

அவள் மனசுக்குள் எதையோ கணக்குப் பார்த்தாள். "லிஃப்ட் நிக்கறது கட்டுல அம்பத்தஞ்சாம் பக்கத்துல."

ஹில்மி பஸ்பூஸா பெட்டியை ஒரு கட்டின்மேல் வைத்தார்.

"அப்ப லிஃப்ட் நின்னதே உங்களுக்குத் தெரியாது. விழாவுல அரை மணி நேரம் பேசினீங்களே?"

"முன்னுரையப் படிச்சுட்டு வந்தேன்."

"முன்னுரை எழுதினதே நீங்கதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரிக்கலாமா என்று பார்ப்பதற்குள் நின்றும் போனது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இரண்டாவது பாதியைப் பற்றிச் சொன்னாள். அது தொய்ந்துபோன பாதி என்று மதிப்புரை எழுதிய மூன்று பேரும் எழுதினார்கள். எழுதும்போதே அவளுக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் அவர் அருமை என்று சொல்லிவிட்டதால், தன் சந்தேகம்தான் தப்பு என்று விட்டுவிட்டாள். பாட்டி காலத்து நகையை விற்று மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவல். இன்னும் ஆறு மாசம் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒன்றும் அவசரம் இருக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன் உஸ்தாஸ். நான் பாராட்டுக்கா உங்ககிட்ட வந்தேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய பயத்தைக் கேட்டுத்தான் அப்படிச் சொன்னது என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் அவள் மனசு நோகக் கூடாது என்று தான் சொல்லாமல் விட்டதை நாலு வருஷமாக அவள் சுமந்திருக்கிறாள். கனிந்த மனசு என்று ஊரில் பெயர் வாங்கியதன் செலவை இந்தச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி கொடுத்திருக்கிறாள்.

"தப்புதாம்மா," என்றார். வேறெதுவும் சேர்க்கவில்லை.

அவள் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கீழே தெருவில் எரிவாயு சிலிண்டர்காரன் இரும்பில் தட்டிக்கொண்டே போனான். ஹில்மி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாடி இறங்குவதற்குக் கொஞ்சம் தெம்பு சேர்க்க வேண்டும்போல் இருந்தது.

"உங்களோடதக் கேக்கவே இல்லையே," என்றாள்.

"கேக்கற மொகம் இல்ல."

"நாலு வருஷமா நானும் சொல்லாமத்தான் இருந்தேன். ஏன்னு தெரியுமா? என் ஒவ்வொரு சொல்லையும் படிச்ச மனுஷன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்படிப்பட்டவர் மொகத்தப் பாத்து எப்படிச் சொல்றது. அதான் மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்." பென்சிலைக் கீழே வைத்தாள். "இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. கேளுங்க."

அவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஃபிக்ரி போடுவானா?"

"மாட்டாரு. நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பப் படிச்சாரு, நாவலப் படிக்கல. இல்லன்னு சொன்னா நீங்க செவ்வாக்கெழம வகுப்பு எடுக்கறத விட்டுருவீங்க, அங்கேருந்து ஆளு வராதுன்னு என்கிட்டயே சொன்னாரு. அவருக்கு உங்கமேல பாசமும் உண்டு. அது வேற."

ஹில்மி தலையசைத்தார். ஆச்சரியம் வரவில்லை. அது வராததுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலு வருஷம் பூட்டியிருந்த கதவைத் தள்ளினால், உள்ளே தனக்குத் தெரிந்த அறையேதான் இருந்தது.

இனி ஒன்று பாக்கி. அதைக் கேட்கத்தான் இந்த மூன்று மாடியும் ஏறினார் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. ஃபிக்ரி வேண்டாம் என்றால் இன்னொருவர் இருக்கிறார், அலெக்சாண்டிரியாவில் ஒருவர், பெய்ரூட்டில் ஒருவர். அந்த விலாசமெல்லாம் வகுப்பில் பலகையில் எழுதிப்போட்டு அவருக்கு மனப்பாடம். அதற்கெல்லாம் முன்னால் தெரிய வேண்டியது வேறு.

"நீ படிச்சியா?"

"நானூத்திப் பன்னண்டு பக்கமும். ரெண்டு தடவ."

"எப்படி இருக்கு? என் வயசு, ஸ்டென்ட் எல்லாத்தையும் மறந்துட்டுச் சொல்லு."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, தயவும் இல்லை. தன் மேசைக்கு வருகிற எந்தக் கட்டையும் பற்றிப் பேசுகிற குரல்.

"நல்லா இல்ல உஸ்தாஸ். அந்த வீட்ல யாருக்காவது அழுக வர்ற நேரம் பாத்து நீங்க ஒரு வேடிக்கையக் கொண்டுவந்து விட்டுடறீங்க. மொதல்ல சிரிச்சேன், அப்புறம் எரிச்சலா இருந்துச்சு, நூறு பக்கத்துக்கப்புறம் அவங்க யாரையும் நான் நம்பல. ஆனா எரநூத்திப் பத்துலேருந்து ஒரு முப்பது பக்கம். அண்ணன் செத்தப்புறம் தங்கச்சி அவன் அறைக்குள்ள போயி, அவன் சட்டைங்கள எடுத்துத் தொவைக்கறா, காயப்போடறா, மடிக்கறா, யாருக்குன்னு தெரியாம. அங்க நீங்க வேடிக்க பண்ண மறந்துட்டீங்க. அது நல்லா இருக்கு. அந்த மாதிரி என்னால எழுத முடியாது. மத்த முன்னூத்தி எண்பத்திரண்டும் வேண்டாம். அந்த முப்பது மட்டும் புத்தகமாகாது, அதுவும் தெரியும். ஆனா அது நல்லா இருக்கு."